ஆண்டு விழாவுக்கு மூணு பாட்டு: எங்க பேண்டு நாட்குறிப்பு

6 ஜனவரி 2025

ஹெச்.எம் மேடம் கூப்பிட்டு பிப்ரவரி 7 ஆண்டு விழா, உங்க பசங்களுக்கு 10 நிமிஷம்னு சொல்லிட்டாங்க. சந்தோஷமாவும் இருக்கு, வயித்துல புளியக் கரைக்கவும் செய்யுது. எங்க பேண்டுல அஞ்சு பேரு. ரெண்டு கிதார், ஒரு கீபோர்டு, ஒரு கஹோன் (மேல உக்காந்து கையால தட்டற மரப்பெட்டி), இந்த நாலு பேரும் போன ஜூன்லதான் கையில எடுத்தாங்க, பாடுற ஒன்பதாவது பொண்ணு மட்டும் ஆறு வருஷமா கர்நாடக சங்கீதம் கத்துக்கறா.

சாயங்காலம் ஆளுக்கு மூணு பாட்டு எழுதிக் குடுங்கன்னு சொன்னேன். பதினஞ்சு வந்துச்சு, அதுல ஒம்போது இப்போ ரீல்ஸ்ல ஓடுற குத்துப் பாட்டு. எனக்கும் பிடிக்கும்தான், ஆனா அந்தப் பாட்டுல உடம்பை ஆட வைக்கிறதே கம்ப்யூட்டர்ல அடுக்கின தாளமும் அதுலயே உண்டாக்கின கனமான பேஸ் சத்தமும்தான், அதை எடுத்துட்டு ஒரு கிதார்ல வாசிச்சா எலும்புதான் மிஞ்சும், பசங்களும் ஏன் சப்புன்னு இருக்குன்னு நொந்து போவாங்க. ஒவ்வொண்ணையும் வாசிச்சுக் காட்டி, அவங்களையே கேக்க வெச்சு, அவங்களே லிஸ்ட்ல இருந்து அடிச்சுட்டாங்க. அதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு.

8 ஜனவரி

முதல் பாட்டு முடிவாயிடுச்சு, பென் இ. கிங் 1961ல பாடின ஸ்டாண்ட் பை மீ. நாலு கார்டுதான் (சேந்து ஒலிக்கிற சுரக் கூட்டம்), சுத்திச் சுத்தி அதேதான். 8 எண்ணிக்கை ஜி, 8 எண்ணிக்கை இ மைனர், 4 சி, 4 டி, திரும்ப 8 ஜி. மொத்தம் 32. நான் போர்டுல எழுதிட்டு இருக்கும்போதே பாடுற பொண்ணு தொடையில தட்டிட்டு "மிஸ், ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை, இது கரெக்டா நாலு ஆதி தாளம்"னா! அப்படியே நின்னுட்டேன். இனிமே ஒன் டூ த்ரீ ஃபோர் வேணாம், எல்லாரும் அவ கையப் பாத்துட்டு வாசிச்சா போதும்.

எனக்கு இந்தப் பாட்டு ஏன்னா, ஜில எட்டு எண்ணிக்கை இருக்கற நேரத்துல அடுத்த கார்டுக்கு விரலு எங்க போகணும்னு யோசிக்க முடியுது. புதுசா கத்துக்கறவங்களுக்கு எத்தனை கார்டுங்கறதை விட மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் கிடைக்குதுங்கறதுதான் முக்கியம். இதுல சிக்கல் 'சி' கார்டுல இருந்து 'டி' கார்டுக்குப் போற ஒரே எடம், அதை மட்டும் தனியா இருபது தடவை வாசிக்கச் சொல்லிருக்கேன்.

9 ஜனவரி

சுருதி பஞ்சாயத்து. ஒரிஜினல் ஏ மேஜர், அதாவது கர்நாடக சங்கீதக் கணக்குல ஆறு கட்டை சுருதி. பொண்ணோட சுருதி அஞ்சரை, கிட்டத்தட்ட அதேதானேன்னு ஆரம்பிச்சா சரணம் அடித்தொண்டைக்குள்ள போயி ஒண்ணுமே கேக்கல. ஆம்பளை பாடின பாட்டு ஆச்சே. சியில வெச்சுப் பாப்போம்னேன், "ஒரு கட்டையா? அது ஆம்பளைங்க சுருதி மிஸ்"னு முகம் சுருங்கிடுச்சு. நீ கத்துக்கிட்ட பாட்டெல்லாம் உன் ஷட்ஜத்தை ('ச' சுரம்) வெச்சு அமைஞ்சது, இங்க மெட்டு எவ்வளவு கீழ இறங்குது எவ்வளவு மேல ஏறுதுன்னு பாத்து ஷட்ஜத்தை நாமதான் நகத்தணும்னு பாடியே காட்டினதுக்கு அப்புறம்தான் ஒத்துக்கிட்டா. ஒரு தடவை பாடினதும் அவளே சிரிச்சுட்டா, குரல் அவ்வளவு தெளிவா வந்து உக்காந்துச்சு.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்பை, கிதார் கழுத்துல அஞ்சாவது ஃபிரெட்ல (கட்டத்துல) போட்டா, பசங்க அதே ஜி, இ மைனர், சி, டி பிடிச்சாலே சத்தம் சியில வந்துடும், ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டிய எஃப் பார்ரே கார்டு பக்கமே போக வேணாம். கீபோர்டு பொண்ணுக்கோ சி, ஏ மைனர், எஃப், ஜி, எல்லாமே வெள்ளைக் கட்டை. யாருக்கும் கை வலிக்காம ஒரு பாட்டு அமைஞ்சுடுச்சு.

10 ஜனவரி

இன்னைக்கு ஒருத்தனை வருத்தப்பட வெச்சுட்டேன். ரெண்டாவது கிதார் பையன் முதல் நாள்ல இருந்து திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே ஒரு பாட்டுதான், இளைய நிலா. பயணங்கள் முடிவதில்லை, 1982, இளையராஜா. அவங்க அப்பா ராத்திரி கடை சாத்திட்டு வந்து தினம் கேப்பாராம். அந்தப் பாட்டுக்காகத்தான் கிதாரே கேட்டிருக்கான். ஆனா அதுல கிதார் ஸ்ட்ரம் அடிச்சு ஓட்டற மாதிரி இல்ல, ஒவ்வொரு கம்பியா விரல்ல எடுக்கணும், அதுவும் நிக்காம ஓடும், ஏழு மாசத்துல முழுப் பாட்டும் வராது. இந்த வருஷம் வேணாம்டா தம்பின்னேன். சரிங்க மிஸ்னுட்டு கிதாரை உறையில போட்டான். மூஞ்சிய நிமிந்தே பாக்கல. பொங்கல் லீவுல இதுதான் மனசுல ஓடப்போகுது.

20 ஜனவரி

லீவு முடிஞ்சு வந்தா, எதிர்பாத்த மாதிரியே பாதி மறந்து போச்சு. கரும்பு சாப்பிட்ட கதைதான் எல்லாருக்கும் ஞாபகம்.

ரெண்டாவது பாட்டு முஸ்தபா முஸ்தபா, காதல் தேசம், 1996, ரஹ்மான் இசையமைச்சு அவரே பாடினது. பிளஸ் டூ பசங்க ஸ்கூலை விட்டுப் போற வருஷம், இதை விட்டா வேற எது? இடையிசை எல்லாத்தையும் எடுத்துட்டு பல்லவி, ஒரு சரணம், திரும்ப பல்லவி, அவ்வளவுதான். ஜி மேஜர்ல வெச்சோம், கார்டையும் பசங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்குக் குறைச்சேன், ரெண்டு எடத்துல காதுக்கு முழுசா நிறையல, அதை விட நடுவுல நின்னு போகாம இருக்கறது எனக்குப் பெருசு. மெட்ரோனோம்ல (டிக் டிக்னு தாள வேகம் காட்டற கருவி) நிமிஷத்துக்கு 80 அடில ஆரம்பிச்சோம். ரெண்டு நாள் தப்பில்லாம வந்தா அஞ்சு ஏத்தலாம்.

24 ஜனவரி

கடிகாரம் வெச்சு முழுசா ஓட்டிப் பாத்தோம். ஸ்டாண்ட் பை மீ முடிஞ்சு முஸ்தபா ஆரம்பிக்கறதுக்கு நடுவுல ஒரு நிமிஷத்துக்கு மேல வெத்தா போகுது. முதல் கிதார் கேப்போவைக் கழட்டணும், கழட்டினா சுருதி லேசா விலகும், ட்யூன் பண்ணணும், பாடுற பொண்ணு தண்ணி குடிக்கணும். ஆண்டு விழாக் கூட்டத்துல ஒரு நிமிஷம் சும்மா விட்டா போதும், கேண்டீன் பக்கம் போயிடுவாங்க.

அப்போதான் தோணுச்சு. ரெண்டாவது கிதார் பையன் ஸ்டாண்ட் பை மீல வாசிக்கவே வேணாம், அவன் கிதார் கேப்போ இல்லாம தயாரா இருக்கட்டும். அந்த ஒரு நிமிஷம் அவனோடது. இளைய நிலாவோட ஆரம்பம் மட்டும், மெதுவா, தனியா. அவன்கிட்ட சொன்னதும், "லீவுல அதைத்தான் மிஸ் வாசிச்சுட்டு இருந்தேன்"னான். வாசிச்சும் காட்டினான். தடுக்குது, ஆனா நிக்கல. வேணாம்னு நான் சொன்ன அன்னைக்கே இதை யோசிச்சிருக்கணும், ரெண்டு வாரம் அந்தப் பிள்ளைய வாட விட்டுட்டேன்.

29 ஜனவரி

ஓப்பனிங் மாறிடுச்சு. கஹோன் பையனோட தாளத்தை நம்பித்தான் எல்லாரும் வாசிக்கறாங்க, அவனுக்குன்னு ஒண்ணு வேணும்னு கீபோர்டு பொண்ணுதான் சொன்னா. குயீனோட வி வில் ராக் யூ, 1977. ரெண்டு மிதி, ஒரு கைதட்டு, கடைசில மட்டும் கிதார் வரும், மத்தபடி தாளமும் குரலும்தான். கஹோனுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி. நடுவுல ரெண்டு அடி, ஓரத்துல ஒரு அடி. கூட்டமே நம்மகூட வாசிக்கும்.

5 பிப்ரவரி

சவுண்டு சர்வீஸ் அண்ணன் வந்தாரு. கிதாருக்கு முன்னாடி மைக் வைக்கணும், கீபோர்டை நேரா மிக்ஸர்ல குத்திடலாம்னாரு. மேடைல மானிட்டர் கிடையாது, பசங்களுக்கு அவங்க வாசிக்கறது கேக்காது. கெஞ்சி ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கி கஹோன் பக்கம் திருப்பி வெச்சுட்டேன்.

7 பிப்ரவரி, ராத்திரி

தூக்கம் வரல, எழுதிடறேன்.

மிதி மிதி தட்டு ஆரம்பிச்ச உடனே ஆறாவது ஏழாவது வாண்டுங்க வேகமா ஓட ஆரம்பிச்சிடுச்சு. கஹோன் பையன் மூஞ்சி வெளிறிப் போச்சு, ஆனா கைய விடல, பாடுற பொண்ணு திரும்பி அவனைப் பாத்து கையால தாளம் போட்டுட்டே பாடினா. ஸ்டாண்ட் பை மீ சுத்தமா வந்துச்சு, அந்த சி, டி எடம் உட்பட.

இளைய நிலாவுக்கு கூட்டம் முதல்ல அடங்கவே இல்ல. அஞ்சாறு செகண்டு கழிச்சு பின்னாடி பெத்தவங்க உக்காந்திருந்த பக்கத்துல இருந்து முனகற மாதிரி பாட்டு வந்துச்சு, அப்புறம் அந்த வரிசை முழுக்க. அவன் ஒரு எடத்துல தடுக்கினான், அவங்க பாடிட்டே இருந்ததால அந்தப் பாட்டைப் பிடிச்சுட்டே திரும்ப உள்ள வந்துட்டான். கேப்போ எப்பவோ கழட்டியாச்சு, நாந்தான் முஸ்தபாவுக்கு சிக்னல் குடுக்க மறந்து நின்னுட்டு இருந்தேன்.

ஒரு அம்மா எடுத்த வீடியோவை இப்போ போன்ல போட்டு மெட்ரோனோமை வெச்சுப் பாத்தேன். வி வில் ராக் யூ 82ல ஆரம்பிச்சு 96ல முடிஞ்சிருக்கு. அவ்வளவு பேரு இழுத்தும் ஒரு அடி கூட அவன் விடல. திங்கக்கிழமை அவன்கிட்ட இதைக் காட்டணும்.