எஸ்எஸ்டி வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்

"என் லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?" என்று, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு டிரைவைப் பற்றி யார் கேட்டாலும், நான் முதலில் கேட்பது மாடல் எண்ணைத்தான். பிராண்டும் பிராசசரும் சொன்னால் போதாது. அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு எண் வேண்டும். அதை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய லேப்டாப்பில் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்தால் கவலையே இல்லை. 7 மி.மீ. தடிமனுள்ள சாட்டா (அந்த ஹார்ட் டிஸ்க்கும் பயன்படுத்தும் பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதே இடத்தில் மாட்டலாம். வேகம் விநாடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும்தான், ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு அது பெரிய மாற்றம்.

குழப்பமெல்லாம், குச்சி போன்ற மெல்லிய டிரைவைச் செருகும் எம்.2 ஸ்லாட்டில்தான். எம்.2 என்பது வடிவத்தை மட்டுமே சொல்கிறது. அந்த வடிவத்தில் சாட்டாவும் வருகிறது, அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இயும் வருகிறது. என்விஎம்இ குச்சியின் முனையில் பெரும்பாலும் ஒரு வெட்டு இருக்கும், சாட்டா குச்சியில் இரண்டு. இரண்டு வெட்டுள்ளது என்விஎம்இ ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், திருகும் இறுகும். ஆனால் அந்த ஸ்லாட்டுக்கு சாட்டா இணைப்பு கொடுக்கப்படவில்லை என்றால் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) டிரைவ் தெரியவே தெரியாது. இதனால்தான் மேனுவலைப் பார்க்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அடுத்தது நீளம். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. என் லேப்டாப்பில் வந்தது 2242. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது 80 மி.மீ. தள்ளி இன்னொரு திருகு மேடையும் இருந்தது, அதனால் 2280 தாராளமாகப் பொருந்தியது. எல்லா மாடலிலும் அப்படி இடம் விட்டிருக்க மாட்டார்கள். ரொம்ப மெல்லிய லேப்டாப் என்றால் இரண்டு பக்கமும் சிப் உள்ள டிரைவ் தட்டும், ஒரு பக்க டிரைவே நல்லது. சில மாடல்களில் சேமிப்பகம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அங்கே ஸ்லாட்டே இல்லை என்றால் மாற்ற வழியில்லை.

ஜென் 3, ஜென் 4 என்னும் என்விஎம்இ வேகத் தலைமுறைகள் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஜென் 4 டிரைவ் ஜென் 3 ஸ்லாட்டிலும் வேலை செய்யும், ஸ்லாட்டின் வேகத்தில். ஜென் 4-க்குக் கூடுதலாகத் தரும் பணத்தை நான் கொள்ளளவுக்கும் டிஎல்சி ஃபிளாஷுக்கும் (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் சிப் வகை) கொடுப்பேன். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி டிரைவ் விலை குறைவு, ஆனால் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும்போது கேஷ் (டிரைவுக்குள் இருக்கும் தற்காலிக வேக இடம்) நிரம்பியதும் வேகம் சட்டென்று விழுந்துவிடும். தனி டிராம் (டிரைவுக்கென்று உள்ள வேகமான நினைவக சிப்) இல்லாத டிரைவ் அன்றாட வேலைக்குப் போதும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

அப்புறம், ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்பே பேக்கப் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை வேறு இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், டிரைவில் அதற்கப்புறம் கை வைக்கலாம்.