பெட்ரோல் போட்டதும் அணையும் கார்

மச்சான் காரில் டேங்க் நிரப்பியதும் வண்டி இருமி இருமி அணையும். ஆக்சிலேட்டரை மிதித்தே பிடித்தால் ஓடும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பங்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று அவருக்கு ஒரே கோபம். தண்ணீரென்றால் வழியெல்லாம் இழுக்குமே!

எனக்குச் சந்தேகம் பர்ஜ் வால்வு மேல். டேங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவியைக் கரி டப்பா பிடித்து வைக்கும். இந்த வால்வு அவ்வப்போது திறந்து எஞ்சினுக்கு அனுப்பும். திறந்தபடியே சிக்கிவிட்டால், நிரப்பியதும் ஆவி மொத்தமாகப் பாய்ந்து எஞ்சின் திணறும். கழற்றி, ரப்பர் குழாய் மாட்டி ஊதினேன். கரண்ட் இல்லாதபோது மூடியிருக்க வேண்டியது, காற்று தாராளமாகப் போனது. மாற்றியாச்சு.

அப்புறம், டேங்க் நிரம்பி பம்ப் தானாக நின்ற (ஆட்டோ கட்) பிறகும் "ரவுண்டா போடுங்கண்ணே" என்பவர்களே, கரி டப்பாவில் பெட்ரோல் ஏறினாலும் இதே கூத்துதான்.