பேக்கப் கோப்புக்கு .பாக் மட்டும் போதாது

வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் சேர்வரை நான்தான் பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டார்: “அண்ணா, எல்லா பேக்கப்புக்கும் கோப்புப் பெயரின் கடைசியில், எக்ஸ்டென்ஷனாக, .பாக் (.bak) என்றே போட்டுவிடலாமா?” வேண்டாம் என்றேன்.

எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் முழு பேக்கப்புக்கு .பாக், மாற்றங்களின் பதிவை மட்டும் எடுக்கும் லொக் பேக்கப்புக்கு .டிஆர்என் (.trn) என்பது நெடுநாள் வழக்கம். அது அப்படியே இருக்கட்டும். மற்றவற்றுக்கு, உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் சுருக்கினோம் என்பதைப் பெயரே சொல்லவேண்டும்: சுருக்கிய தரவுத்தளப் பிரதிக்கு .எஸ்கியூஎல்.ஜிஇசட் (.sql.gz), ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய கோப்புகளுக்கு .டார்.ஜிஇசட் (.tar.gz). லினக்ஸில் ‘ஃபைல்’ கட்டளை கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடும், சரி. ஆனால் சேர்வர் விழுந்து கிடக்கும் இரவில் மனிதர் முதலில் பார்ப்பது பெயரைத்தான்.

எனக்குப் பெரிய பயம் வேறு. இணையதள ஃபோல்டரில் எதையாவது திருத்துமுன் ‘கொன்ஃபிக்.பிஎச்பி.பாக்’ என்று ஒரு பிரதி எடுத்து அங்கேயே விட்டுவிடுவார்கள். பெயர் .பாக் என்று முடிவதால் வெப் சேர்வர் பெரும்பாலும் அதை பிஎச்பி நிரலாக ஓட்டாது. கேட்பவருக்கு வெறும் எழுத்தாகவே கொடுத்துவிடும், தரவுத்தளக் கடவுச்சொல்லோடு சேர்த்து. தயவுசெய்து அந்தப் பிரதியை ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள்.

அப்புறம் கோப்புப் பெயரில் போடும் திகதி. யூடிசியில் (உலகப் பொது நேரம், UTC) ஓடும் சேர்வரில், கொழும்பு நேரம் அதிகாலை 2 மணிக்கு எடுத்த பேக்கப் முதல்நாள் 20:30 என்று பதியும். ஆகவே பெயரில் வருடம், மாதம், நாள், நேரம், பின்னால் ‘யூடிசி’ என்று போடுங்கள். அதற்குப் பிறகுதான் எக்ஸ்டென்ஷன்.