பென்சிலைத் துடைத்த பிறகு

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

தீபாவளிக் கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. சிங்கப்பூர் தேக்கா பக்கம் எங்கள் அழகு நிலையத்தில் பகலில் ஈ ஓட்டுகிறோம். உட்லண்ட்ஸ் அக்கா புருவத்துக்கு நூல் போட வந்தார். பென்சில் மையைத் துடைத்துப் பார்த்தால், வெளி ஓரத்தில் எடுப்பதற்கு முடியே இல்லை. அளவுக்கு மேல் எடுத்துக் கெட்ட புருவம் எனக்குத் தெரியும், திட்டுத் திட்டாக இருக்கும். இது இரண்டு பக்கமும் கடைசி மூன்றில் ஒரு பங்கு ஒரே அளவாக உதிர்ந்திருக்கிறது. கன்னம் காய்ந்து சொரசொரப்பு. கண்ணுக்குக் கீழே வீக்கம், அழுத்தினால் குழி விழவில்லை.

வெளியே நல்ல வெயில். அக்கா ஏசியை நிறுத்தச் சொன்னார்.

“வயசாகுதும்மா. டாக்டரும் அதைத்தான் சொல்றார்.”

கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை, விரல் மரத்துப்போவதற்கு மணிக்கட்டுப் பட்டை, மலச்சிக்கலுக்கு மருந்து. எல்லாம் தனித்தனியாகப் போய் வாங்கியவை. டாக்டரிடம் போகும்போதும் புருவம் வரைந்துகொண்டுதான் போவாராம். அப்புறம் அவர் எதைப் பார்ப்பார்?

செப்டம்பர் 14, ஞாயிறு

என் சொந்த அக்காவின் மகள் சாப்பிட வந்தாள். தாதி. உட்லண்ட்ஸ் அக்காவைப் பற்றிச் சொன்னவுடனே “தைராய்டு பாத்தாங்களா சித்தி?” என்றாள். புருவ ஓரம் உதிர்வதற்கு ஹெர்டோக் என்ற பெல்ஜியம் டாக்டரின் பெயரே இருக்கிறதாம். அந்த வீக்கம் வெறும் நீரில்லை. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால் தோலுக்கடியில் ஹையலுரானிக் அமிலம் சேர்ந்து நீரைப் பிடித்துவைக்கும். நாங்கள் கிரீமில் காசு வாங்கிக்கொண்டு பூசுகிற அதே சரக்கு!

உள்ளங்கை மஞ்சளாக இருந்ததா என்றும் கேட்டாள். இருந்தது, சமையல் மஞ்சள் என்று விட்டிருந்தேன். காய்கறி, பழத்தில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றும் வேலை மந்தமாகிவிடுமாம். கண் வெள்ளையாகவே இருந்தால் அது காமாலை இல்லை.

ஆனால் புருவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதே, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். உட்லண்ட்ஸ் அக்காவுக்கு போன் போட்டேன்: புருவம் வரையாமல் போங்கள், எல்லாத் தொல்லையையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

அக்கா பாலிகிளினிக் போய்விட்டார். இளம் டாக்டராம். நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டியிருக்கிறார். பாதம் உதைத்துவிட்டு, திரும்பி வர நேரம் எடுத்துக்கொண்டதாம். நாடியும் மெதுவாம்.

ரத்தத்தில் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் 38. இருக்கவேண்டியது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. தைராய்டு சுரக்காதபோது மூளை அதை அதட்டுகிற அளவு அது, அதனால்தான் கூடுகிறது. குறைந்த தைராய்டை ஈடுகட்ட லீவோதைராக்சின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு; கோப்பி அரைமணி, ஒரு மணி கழித்து; கால்சியம் மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளி. அக்காவுக்கு நோயை விட கோப்பி தள்ளிப்போனதுதான் வருத்தம்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொன்ன ரத்தம் வந்துவிட்டது. டிஎஸ்ஹெச் 9, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். கெட்ட கொலஸ்ட்ராலும் இறங்கியிருக்கிறது. தைராய்டு குறைந்தால் அதுவே ஏறுமாம். புருவம் அப்படியேதான். முடிக்கு மாதக்கணக்காகும்.

மாலையில் வந்த ஒரு பெண்ணுக்கும் புருவ ஓரம் மெலிவு. குளிர்கிறதா என்றேன், இல்லை. இமையெல்லாம் எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய், தேய்த்துத் தேய்த்தே உதிர்ந்திருக்கிறது. தோல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். வருகிறவர்களையெல்லாம் தைராய்டு என்று மிரட்டினால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.