நாஸ்டாவும் ஜன்னலும்

நேற்று எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு மென்திறன் பயிற்சி. கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், புன்னகையோடு வகுப்புக்குள் நுழையுங்கள் என்று நாள் முழுக்கச் சொன்னார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு 'ஜீவன் கௌஷல்' என்று மாணவர்களுக்கு வாழ்க்கைத் திறன் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது, முதலில் ஆசிரியர்களுக்கல்லவா வேண்டும் என்று நினைத்தேன். மற்ற ஆசிரியர்களை மனதில் வைத்துத்தான்!

போன மாதம் நடந்தது இது. வடசென்னையில் துறைமுகத்தை ஒட்டிய காசிமேட்டிலிருந்து வரும் மாணவி முதல் வகுப்பிலேயே சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "நாஸ்டா சாப்பிடவில்லை மேடம்" என்றாள். "காலை உணவு என்று சொல்ல வராதா? கல்லூரிக்கு வந்தும் இந்தப் பேச்சா?" என்றேன். வகுப்பே சிரித்தது. சௌகார்பேட்டையிலிருந்து வரும் மார்வாடிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள் வீட்டிலும் நாஸ்டாதான் மேடம்."

சமாளித்துக்கொண்டு, "சரி, அந்த ஜன்னலைத் திற" என்றேன். ஜன்னல் போர்த்துகீசியச் சொல் என்பது ஸ்டாஃப் ரூமுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சென்னைத் தமிழில் புழங்கும் நாஸ்டாவும் பேஜாரும் (சலிப்பு) உருது வழி வந்தவை, டப்பு (பணம்) தெலுங்கு. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிப் புழங்கிய பேச்சு இது. பன்மைப் பண்பாடு என்று நேற்றுப் பயிற்சியில் திரையில் ஓடியதெல்லாம் இந்தப் பிள்ளைகளின் நாக்கிலேயே இருக்கிறது. நான் அதைத் திருத்தப் போனேன்.

அன்று ஏன் சாப்பிடாமல் வந்தாய் என்று இன்று காலைதான் அவளிடம் கேட்டேன்.

"அது போன மாதம் மேடம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.