பீரோவின் கீழ்த்தட்டு

காலை ஏழே முக்காலுக்கு சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் சாலை வழியாகப் பள்ளிக்கு நடப்பது எனக்கு இருபது வருடப் பழக்கம். ஊர் பொன்னேரிப் பக்கம், வேலை பாரிமுனைக்கு அருகே ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில். அந்தப் பத்து நிமிட நடையில் என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேரை அவர்கள் வீட்டிலேயே பார்த்துவிடுவேன். வீடு என்றால் நடைபாதைதான். ஒருத்தி அடிபம்பில் குடத்தோடு நிற்பாள், ஒருவன் இன்னும் போர்வைக்குள் இருப்பான், லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள் ஷட்டரைத் தூக்குவதற்குள் அடுப்பு, பாய், பாத்திரம், துணி எல்லாவற்றையும் தார்ப்பாயில் சுருட்டிக் கட்டி ஓரமாகத் தள்ளிவிட வேண்டும் என்று அம்மாக்கள் பரபரத்துக்கொண்டிருப்பார்கள். "டேய், மிஸ் போறாங்கடா" என்று ஒரு குரல் கேட்கும். போர்வை அசையும்.

சேர்ந்த புதிதில் இவர்கள் எல்லாம் போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பாட்டியிடம் எந்த ஊர் என்று கேட்டேன். "இதே ஊருதான் டீச்சர், எங்கம்மா என்னைப் பெத்ததே இங்கதான்" என்று தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். கொத்தவால் சாவடியில் மூட்டை இறக்கிய குடும்பம். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது பிழைப்பில் பெரும்பங்கு அதோடு போய்விட்டது, இவர்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள். இப்போது பத்ரியன் தெருவில் பூ வாங்கிக் கட்டி விற்பது, ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கட்டு தூக்குவது, மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுவது, இப்படி. வேலை செய்யாத ஆளை நான் அங்கே அதிகம் பார்த்ததில்லை.

பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் முதன்முதலில் அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டது ஒரு பூக்கார அம்மா தன் மகளைச் சேர்க்க வந்தபோது. "எழுதிக்கோங்க டீச்சர், ட்ரான்ஸ்பார்மர் பக்கத்துல, சேட்டு கடை வாசல்" என்றார். கதவு எண் கேட்டேன். சேட்டு கடையின் எண்ணைச் சொன்னார். அதைத்தான் எழுதினேன். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு வயதுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப முடியாது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும், அது பெரிய விஷயம். ஆனால் பள்ளிக்குள் வந்த பிறகு உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, கணக்குக்கு ஆதார், ஆதாருக்கு முகவரி, சாதிச் சான்றிதழுக்கு மறுபடி முகவரி என்று அந்தக் கட்டம் பிள்ளையின் பின்னாலேயே வருகிறது. வி.ஏ.ஓ. ஆபீசில் ஒரு தகப்பனோடு நானே போய் நின்றிருக்கிறேன். நேரில் விசாரிக்க வருவோம், வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்றார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

முதல் பீரியடில் இந்தப் பிள்ளைகள் தூங்குவார்கள். முதல் இரண்டு வருடம் எழுப்பி நிற்க வைத்தேன், இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கடைகள் சாத்தி, லோடு ஏற்றி முடித்து, லாரிகள் நகர்ந்த பிறகுதான் அவர்களுக்கு அடுப்பு வைக்கவே இடம் கிடைக்கும். சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். நாலு மணிக்குப் பூ வாங்கப் போகிற அம்மா எழும்போது அவர்களும் எழுந்தாக வேண்டும். வயதுக்கு வந்த பெண் இருந்தால் வீட்டில் பெரியவர்கள் முறைவைத்து விழித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் தூங்குவதில்லை. குளிக்கப் பொதுக் கழிப்பிடத்தில் காசு கொடுக்க வேண்டும் என்பதால் எல்லா நாளும் குளிக்க முடியாது, குளிக்காத நாளில் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் நகர்ந்து உட்காருவாள், அது இரண்டு மூன்று முறை நடந்தால் போதும், நாலாவது முறை அவள் வரமாட்டாள். காலைச் சிற்றுண்டி வந்த பிறகு தொடக்க வகுப்புகளில் வருகை நன்றாகவே கூடியது, அதை என் கண்ணால் பார்த்தேன். தூக்கத்துக்கு அப்படி ஒரு திட்டம் போட முடியவில்லையே.

தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்துப் பெரிய நீதிபதி ஆன முத்துசாமி ஐயர் கதையை நானும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி, சிலை ஹைகோர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது, எங்கள் பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரம். ஒருநாள் அதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பூக்கார அம்மாவின் மகள், அப்போது ஐந்தாவது, "மிஸ், எங்க எடத்துல லைட்டு விடிய விடிய எரியும். அதனாலதான் தூக்கமே வராது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அங்கே இருந்த பலருக்கும் அதுதான் நிலைமை. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அந்தக் கதையை நான் சொல்லவில்லை.

படிப்பு வந்தால் பணம் வரும், பணம் வந்தால் வீடு வரும் என்று நாம் எல்லோரும் ஒரே வரிசையில்தான் சொல்கிறோம், நானும் பெற்றோர் கூட்டத்தில் அப்படித்தான் பேசுவேன். ஒரு முறை அந்தப் பெண்ணின் அப்பா கூட்டம் முடிந்தும் போகாமல் நின்றார். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். ராயபுரம் பக்கம் ஒரு ரூம் பார்த்திருக்கிறார், ஐயாயிரம் வாடகை. "மாசம் அஞ்சாயிரம் நான் குடுத்துருவேன் டீச்சர். பத்து மாச அட்வான்ஸ் கேக்குறான். அம்பதாயிரத்த மொத்தமா நான் எந்தக் கையில பாப்பேன்?" அவர் ஏற்கெனவே ஒரு தண்டல் கடனுக்குத் தினமும் பணம் கட்டிக்கொண்டிருந்தார். பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் வருவது எட்டாயிரத்து ஐந்நூறு, நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய். அதாவது மாதம் மூவாயிரம் அவர் தவறாமல் கட்டுகிற ஆள். வாடகை கொடுக்க முடியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் அட்வான்சுக்கு மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது, ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி வீடு கேட்கிற நிலையிலா இவர் இருக்கிறார்? பிளாட்பாரத்தில் இருப்பவர் என்று தெரிந்தாலே வீடு இல்லை என்பார்கள்.

தினமும் வருகிற பணம் தினமும் போய்விடுகிறது, சேர்த்து வைக்கவும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பூட்டு இல்லாத இடத்தில் ஐயாயிரம் ரூபாயை எங்கே வைப்பது? சோற்றுக்கே கூட இதே கதைதான், ஒரு மூட்டை அரிசி வாங்கினால் மலிவு, ஆனால் மூட்டையை வைக்க இடமில்லை, அதனால் தினம் அரைக் கிலோ, சில நாள் கடைச் சாப்பாடு. நான் பொன்னேரியில் என் சம்பளத்தில் சமாளிக்கிறதை விட ஒவ்வொரு பொருளுக்கும் அவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

இதில் பையன்கள் வேறு மாதிரி நழுவிப் போவார்கள். ஏழாவது படித்த ஒருவன், கணக்கில் கெட்டி, வாய்க்கணக்காகவே பின்னத்தைப் பெருக்கிவிடுவான். ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணக் கார்டுக் கடையில் லீவு நாளில் கட்டு தூக்கப் போனான், ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய். லீவு முடிந்தும் வரவில்லை. தேடிப் போனேன். அவன் அம்மா என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் டீச்சர், இவன் படிச்சு முடிக்க இன்னும் பத்து வருசம். மழ இன்னும் ரெண்டு மாசத்துல வந்துரும்" என்றார். பதினாலு வயதுக்குள் வேலைக்கு வைப்பது குற்றம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு அவனை மீட்டு வந்தேன், எட்டாவது முடித்தான். பிறகு அதே தெருவுக்கே போய்விட்டான். வழியில் பார்த்தால் தலையில் பேப்பர் கட்டோடு நின்று வணக்கம் சொல்வான், அந்த வணக்கத்தை என்னால் சரியாக வாங்கிக்கொள்ள முடிவதில்லை.

காப்பகம் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒன்று வீதம் நகரங்களில் இரவு பகல் இயங்கும் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே உத்தரவு போட்டது, சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன, தனியாக விடப்பட்ட முதியவர்களுக்கு அவை உயிர் காக்கிற இடங்கள். ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி. "அவரு ஒரு எடம், நான் ஒரு எடம், பசங்க ஒரு எடம்னா அப்புறம் குடும்பம் எதுக்கு?" என்று அந்தப் பூக்கார அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு வீடு வந்தது. பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி, ஒதுக்கீடு ஆகியிருக்கிறது, போகலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு போங்கள் என்றேன். கதவு இருக்கும், கழிப்பறை இருக்கும், பெண் எட்டாவதுக்கு வந்துவிட்டாள், வேறென்ன வேண்டும் என்று நானே அதட்டாத குறையாகச் சொன்னேன். போனார்கள். இங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலைப் பூ மார்க்கெட்டுக்கு அங்கிருந்து வர பஸ் கிடையாது. மீன்பாடி வண்டிக்கு அங்கே சவாரி இல்லை. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எழுதியிருந்தது: பிழைப்புக்குப் பக்கத்தில் இருப்பதற்காக நடைபாதையில் இருக்கிறார்கள், அங்கிருந்து எடுத்தால் பிழைப்பும் போய்விடும் என்று. முறையாக முன்னறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்புதான் சொன்னது. நான்கு மாதத்தில் அப்பாவும் அம்மாவும் இங்கே திரும்பிவிட்டார்கள், வாரத்துக்கு ஒரு நாள் அங்கே போய்க் கதவைத் திறந்து மூடிவிட்டு வருவார்கள், இல்லையென்றால் ஒதுக்கீடு ரத்தாகிவிடுமோ என்ற பயம். பெண் அங்கே பாட்டியோடு இருந்தாள். நடுவருடத்தில் சேர்ந்த பள்ளி, தெரியாத பிள்ளைகள், பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனது, பள்ளி நின்றது.

போகச் சொன்னது தப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஜூன் மாதம் வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே ஓர் இடம் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். இந்த ஜார்ஜ் டவுனில் பூட்டிக் கிடக்கிற கட்டிடம் எத்தனை என்று தினமும் நடக்கிற எனக்குத் தெரியும். ஒரு வருடம் வீணான பிறகு அவளை மீட்டு இங்கேயே எட்டாவதில் சேர்த்தேன், தெரிந்த விடுதி ஒன்றில் இடம் வாங்கி, பிறகு பத்தாவது, பன்னிரண்டாவது வரை அங்கிருந்தே படித்தாள். அவள் அம்மா வாரா வாரம் ஒரு முழம் மல்லிகையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

என் அறையில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ் தொலைத்தவர்களுக்கு அரசு முகாம் போட்டு நகல் கொடுத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஐப்பசியும் அப்படித்தான், அதற்கு யாரும் முகாம் போடுவதில்லை. நனைந்த நோட்டுகளை வகுப்பு ஃபேனுக்குக் கீழே விரித்துக் காயவைப்போம், மை பரவி ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வருடம் முதல் பீரோவின் கீழ்த்தட்டை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தேன். முதலில் நோட்டுகள்தான் வைத்தார்கள். பிறகு பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார். எங்கள் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் பத்தாவது மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து "மிஸ், இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்லூரியில் சேரும்போதும் வேலைக்குப் போகும்போதும் வந்து வாங்கிக்கொள்வார்கள், திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தப் பெண்ணும் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்துக்கு மனுப்போட வந்து எடுத்துக்கொண்டு போனாள். மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் வருகிறது. மார்க் ஷீட்டை மறுபடி என்னிடம்தான் கொடுத்திருக்கிறாள்.

வருகிற மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. பீரோவை ஒப்படைக்க வேண்டும். போன வாரம் கீழ்த்தட்டை எண்ணிப் பார்த்தேன், 17 கவர்கள். மேலே பென்சிலில் பெயரும் போன் நம்பரும் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வருகிறேன். ஒன்பது பேர் கிடைத்தார்கள், அதில் இரண்டு பேர் "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம் மிஸ்" என்று வந்து வாங்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் புதிதாக வருகிற டீச்சர் நல்லவங்களா என்று கேட்கிறார்கள். எட்டு நம்பர் உபயோகத்தில் இல்லை. அதில் ஒன்று ஆண்டர்சன் தெருப் பையனுடையது, அவனை நாளைக் காலை நடக்கும்போதே பார்த்துவிடுவேன்.