கடுக்காய்க் கறுப்பும் கள்ளிப்பழச் சிவப்பும்

காட்டுச் செடிகளிலிருந்து மை எடுத்து வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பழங்களின் பளிச்சென்ற நிறத்தில்தான் முதலில் மயங்குகிறார்கள். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிழிந்தால் கிடைக்கும் கருஞ்சிவப்பு கண்ணைப் பறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிறத்தைத் தரும் பீட்டாலைன் என்ற நிறமி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தாங்காது என்பதால், சுவரில் மாட்டிய படம் விரைவிலேயே வெளிறிவிடும். ஆகவே பழச்சாற்றை மூடி வைக்கும் குறிப்பேடுகளுக்கு ஒதுக்கிவிட்டு, நிலைக்க வேண்டிய கோடுகளுக்கு நான் துவர்ப்பையே நம்புகிறேன்.

கடுக்காய்த் தோல், கருவேலம் பட்டை, ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் உருண்டு திரளும் புடைப்பு ஆகிய எல்லாவற்றிலும் துவர்ப்பைத் தரும் டானின் மிகுதி. டானின் இரும்புடன் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, நீர் பாதியாகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்சி வடிகட்டினால் மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு கஷாயம் கிடைக்கும். அதில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, விழுந்த இடத்திலிருந்து கருநீலம் புகைபோலக் கிளம்பிப் பாத்திரம் முழுவதும் பரவும். (வரைவதைவிட இதைப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும் என்றால் மிகையில்லை.) தூரிகையால் இழுத்த கோடு முதலில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்; காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு மாறுதலடைய அடைய, அது தானாகவே கறுத்துக்கொண்டு வரும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை ஆவணங்கள் பெரும்பாலும் ஓக் புடைப்பில் காய்ச்சிய இத்தகைய இரும்பு மையால்தான் எழுதப்பட்டன. இன்னும் கறுக்கட்டும் என்று அன்னபேதியை அள்ளிப் போடக் கூடாது. மிஞ்சிய இரும்பும் அமிலமும் தாளை அரித்து, காலப்போக்கில் கோடு இருந்த இடத்தைக் கிழிசலாக்கிவிடும்.

மை வழிந்தோடாமல் தாளில் பிடிக்கக் கொஞ்சம் கருவேலம் பிசினும், பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு கிராம்பும் போதும்.

சங்குப்பூவின் போக்கு வேறு. அதன் நீலம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பாகும், சமையல் சோடா பட்டால் பச்சையாகும். தாளிலேயே சுண்ணாம்புப் பொருள் கலந்திருந்தால், நாம் எதையும் சேர்க்காமலே நீலம் பச்சைப் பக்கம் சாயக்கூடும் என்பதால், புதிய தாள் எதுவானாலும் அதன் ஓரத்தை வெட்டிச் சோதித்த பிறகே வரைகிறேன். இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம்: உலர்ந்த நீலப் பூச்சின்மேல் எலுமிச்சைச் சாற்றை மெல்லிய தூரிகையால் தொட்டு இழுத்தால், இதழின் நரம்புகள் இளஞ்சிவப்பில் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.